நகரு, நான் பாக்கறேன்

மார்ச் 4, திங்கள்

நிபுணர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை மேலாளர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். நான் எழுதிய புரோகிராம்தான், அச்செடுத்திருந்தார்கள். முதல் வரியில் 'எழுதியவர்' என்று போட்டு உங்கள் பெயர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், இது ஏதோ தப்பு" என்றேன். அவர் அடுத்த தாளை நீட்டினார். பிறகு அதற்கடுத்ததை. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதிய அத்தனை ஃபைலிலும் எழுதியவர் நீங்கள்தான். என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

இருக்கைக்கு வந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. கல்யாணமான புதிதில் "என் செட்டிங்ஸையே எடுத்துக்கோ, உனக்கு சுலபமா இருக்கும்" என்று நீங்கள் புரோகிராம் எழுதும் எடிட்டரை அப்படியே எனக்குக் கொடுத்தீர்கள். இன்றைக்கும் நம் இருவருக்கும் ஒரே செட்டிங்ஸ் ஃபைல்தான். எடிட்டரைத் திறக்கும்போதெல்லாம் அது இணையத்திலிருந்து தானாக இறங்குகிறது. அதில் ஒரு விதி, புது ஃபைல் திறந்தால் தலையில் உங்கள் பெயரைப் போடுகிறது. இன்னொரு விதி அந்தத் தலைப்பு கண்ணை உறுத்தாமல் மடித்து மறைத்துவிடுகிறது. மற்றவர்களின் திரையில் விரிந்து கிடப்பது என் திரையில் மட்டும் தெரிந்ததே இல்லை.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி பக்கத்து இருக்கைக்காரி. "எங்களுக்கு முன்னாடியே தெரியுமே. உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுக்கறாருன்னு நெனச்சோம். அதைப் போய் எப்படிக் கேக்கறது?" என்கிறாள். இத்தனை பேரும் அப்படி நினைத்துக்கொண்டேதான் தினமும் என்னோடு காபி குடித்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. ஃபைல்களை ஏற்றியது நான் என்று பதிவில் இருக்கிறதே என்றேன். "ஏற்றினது நீங்க. எழுதினது யாரு?" என்று கேட்கிறார்கள். அலுவலகப் புரோகிராமை வெளியாளிடம் கொடுத்தேன் என்று முடிவானால் வேலை போய்விடும்.

ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை என்று கையெழுத்துப் போட்டு ஒரு தாள் அனுப்புங்கள். போன் செய்ய வேண்டாம். அங்கிருந்தபடியே என் கணினிக்குள் நுழையவும் வேண்டாம். மின்னஞ்சலில், எழுத்தில் மட்டும். காரணம் உங்களுக்கே தெரியும். எடிட்டர் முரண்டு பிடித்தபோதெல்லாம் "நகரு, நான் பாக்கறேன்" என்பீர்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து ஸ்டூலுக்குப் போவேன். நீங்கள் படபடவென்று தட்டிவிட்டு "முடிஞ்சது" என்று எழுந்துவிடுவீர்கள். என்ன முடிந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நான் வீட்டை விட்டு இந்த ஊர் மாடியறைக்கு வந்ததில் பாதிக் காரணம் அதுதான்.

இப்படிக்கு,
எழுதியவர்
(நம்பினால் நம்புங்கள்)

மார்ச் 5, செவ்வாய்

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துபோய் "மருமகளுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாள். உன் கடிதம் வந்ததிலேயே அவளுக்கு ஒரு சந்தோஷம், என் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

சத்தியமாக எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் எனக்காக எழுதிய விதி அது. உனக்குக் கொடுத்தபோது அதில் என் பெயர் இருப்பதே ஞாபகம் இல்லை. நான் உன் புரோகிராம் எதையும் படித்ததுகூட இல்லை. அதை உன் ஆட்களிடம் நான் எப்படி வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. இதற்குப் போய் இவ்வளவு கலங்குவானேன்? எனக்கு ஐந்து நிமிஷம் கொடு. எல்லா ஃபைலிலும் பெயரை மாற்றிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அவர்கள் திறந்து பார்த்தால் உன் பெயர் இருக்கும், அத்தோடு பேச்சு முடிந்தது. நீ கொஞ்சம் நகர்ந்தால் போதும்.

சாப்பிட்டாயா? மாடியறையில் காற்று வருகிறதா?

உன்,
நிபுணன்

மார்ச் 6, புதன்

நிபுணர் அவர்களுக்கு,

விசாரணைக்கு முந்தின நாள் ஃபைலில் பெயர் மாறினால், தடயத்தை அழித்துவிட்டாள் என்பார்களா மாட்டார்களா? தொடாதீர்கள். இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும். அவர்கள் கண்ணெதிரே புது ஃபைல் ஒன்றைத் திறந்து, எடிட்டர் தானாகவே உங்கள் பெயரைப் போடுவதைக் காட்டப் போகிறேன். என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கோளாறுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. கையெழுத்திட்ட தாளை அனுப்புங்கள். அடுத்து, எடிட்டரில் ஒரு கோளாறு எந்த விதியால் வருகிறது என்று எப்படித் தேடுவது, அதை வாயால் சொல்வதுபோல எழுதுங்கள். நடுவில் எடிட்டர் மக்கர் பண்ணினால் நான் திருதிருவென்று முழிக்கக் கூடாது.

காற்று வருகிறது. அத்தையிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்லுங்கள்.

பிடிவாதக்காரி

மார்ச் 7, வியாழன்

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்து இதனுடன் இணைத்திருக்கிறேன். எழுதும்போது ஒரு நிமிஷம் கை நின்றது. உன் நாற்காலியில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேனே, அப்போது ஏதாவது எழுதினேனா என்று யோசித்தேன். இல்லை, எடிட்டரைத்தான் நோண்டினேன், உன் புரோகிராமைத் தொட்டதே இல்லை. அதையும் தாளில் எழுதியிருக்கிறேன்.

தேடும் முறை சுலபம், சொல்லத்தான் அலுப்பாக இருக்கிறது. செட்டிங்ஸ் ஃபைலில் கீழ்ப்பாதி வரிகளுக்கு முன்னால் கமெண்ட் குறி போட்டு மூடிவிடு. மூடிய வரியை எடிட்டர் கண்டுகொள்ளாது. திறந்து பார். கோளாறு போயிருந்தால் குற்றவாளி கீழ்ப்பாதியில், போகவில்லையென்றால் மேல்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. கடைசியில் ஒரு விதி மிஞ்சும்.

இதெல்லாம் உனக்குத் தேவைப்படாது. நிம்மதியாகத் தூங்கு. நான் பார்த்துக்கொண்டேன்.

உன்,
நிபுணன்

மார்ச் 8, வெள்ளி

நிபுணருக்கு,

'நான் பார்த்துக்கொண்டேன்' என்ற கடைசி வரியை நான் ஏன் கவனிக்கவில்லை?

விசாரணை அறையில் நான்கு பேர். மேலாளர், பணியாளர் பிரிவு அம்மாள், வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர், நான். என் கணினித் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, மடித்திருந்த தலைப்பை விரித்துக் காட்டினேன். உங்கள் பெயர் இருந்தது. "இந்தப் பேரை நான் போடலை, எடிட்டர் போடுது. இப்ப பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, கைப்பழக்கத்தில் சேவ் செய்தேன்.

எல்லோர் கண் முன்னாலும் உங்கள் பெயர் மறைந்தது. அந்த இடத்தில் என் பெயர் வந்து உட்கார்ந்தது.

பணியாளர் பிரிவு அம்மாள்தான் முதலில் பேசினார். "என்னம்மா இது, எங்க முன்னாடியேவா?" மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வேலை அந்த நொடியில் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

தொடாதீர்கள் என்று எழுதினேன். நீங்கள் என் கணினியைத் தொடவில்லை, சரிதான். பொதுச் செட்டிங்ஸில் பெயர் போடும் பழைய விதியை எடுத்துவிட்டு, புது விதி எழுதிவிட்டீர்கள். சேவ் செய்தால் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடும் விதி. காலையில் நான் எடிட்டரைத் திறந்ததும் அது சமர்த்தாக இறங்கியிருக்கிறது. வேறு ஊரில் இருந்துகொண்டே என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டீர்களே!

"கொஞ்சம் நேரம் குடுங்க, தேடறேன்" என்றேன். தணிக்கையாளர் தலையாட்டினார். கீழ்ப்பாதியை மூடி, எடிட்டரைத் திறந்து, இன்னொரு பழைய ஃபைலைச் சேவ் செய்தேன். பெயர் மறுபடி மாறியது. மேல்பாதியை மூடினேன். அப்போதும் மாறியது. இரண்டு பாதியிலும் எப்படி இருக்கும்? பிறகுதான் உறைத்தது. நான் மூடி மூடித் திறக்க, ஒவ்வொரு தடவையும் உங்கள் செட்டிங்ஸ் ஃபைல் மறுபடி இறங்கி, நான் மூடியதை அழித்துக்கொண்டிருந்தது. இதை நீங்கள் சொல்லவில்லை. உங்களுக்கே தோன்றியிருக்காது. எழுந்துபோய் கணினியின் இணைய இணைப்புக் கம்பியைப் பிடுங்கினேன். மறுபடி பாதி, அதில் பாதி, அதில் பாதி. கடைசியில் அந்த விதி தனியாக நின்றது. அதை மூடினேன். பெயர் மாறவில்லை. திறந்தேன். மாறியது.

அத்தனை நேரமும் யாரும் என்னை நகரச் சொல்லவில்லை.

தணிக்கையாளர், "இது வெளியிலிருந்து வர்ற விதி. இது பேரை மாத்தும்னா, முதல்ல பேரைப் போட்டதும் இப்படி ஒண்ணுதான்" என்றார். உங்கள் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலை தப்பியது. குழுத் தலைமை எனக்கு வரும் என்று ஒரு பேச்சு இருந்தது, அதைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பொதுச் செட்டிங்ஸிலிருந்து என் கணினியைப் பிரித்துவிட்டேன். இனி உங்கள் எடிட்டர் உங்களுக்கு, என்னுடையது எனக்கு. எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பிடிவாதக்காரி

மார்ச் 13, புதன்

அன்புள்ள உனக்கு,

திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் முதலில் இதைப் படி.

இன்று எங்கள் குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "யாருய்யா இந்த அம்மா?" என்றார். என் ஃபைலில் எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர்! அந்த விதியை உன் கணினிக்கு மட்டும் என்று எழுத மறந்துவிட்டேன். நீ பிரித்துக்கொண்ட பிறகும் அது என்னிடம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் திறந்து சேவ் செய்த ஒவ்வொரு ஃபைலிலும், எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எழுதியதில்கூட, என் பெயர் போய் உன் பெயர் உட்கார்ந்திருக்கிறது. தலைப்பு மடிந்திருந்ததால் நானும் பார்க்கவில்லை.

என் உழைப்பு அத்தனையிலும் நான் இல்லை. நாளைக்கு நான் எல்லோருக்கும் முன்னால் இதைச் சரிசெய்து காட்ட வேண்டும். பதற்றத்தில் எந்த விதியை எந்த இடத்தில் எழுதினேன் என்றே தெரியவில்லை. அந்த விதியைத் தேடிப் பிடித்தவள் நீ. ஒரு நடை வந்து பார்த்துக் கொடேன். வீட்டுக்கும் வந்த மாதிரி இருக்கும்.

நான்

மார்ச் 13, புதன்

அன்புள்ள நிபுணருக்கு,

படித்ததும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. அடுத்த நிமிஷமே அது நின்றுவிட்டது. உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இருப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

வர மாட்டேன். வந்தால் நீங்கள் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுப்பீர்கள், நான் தட்டிவிட்டு முடிஞ்சது என்பேன். அது வேண்டாம். முதலில் இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு கீழ்ப்பாதியை மூடுங்கள். பதறினால் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்காருங்கள். நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

பிடித்ததும் எப்படிப் பிடித்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

பிடிவாதக்காரி

மார்ச் 14, வியாழன்

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இணைப்பைத் துண்டித்தேன். கீழ்ப்பாதியை மூடினேன். தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது பாதியில் கொஞ்சம் தடுமாறினேன், அவ்வளவுதான். "நகருங்க, நான் பாக்கறேன்" என்றார்.

நானும் எழுந்து நகர்ந்துவிட்டேன், நம்புவாயா? அது என் எடிட்டர், நான் எழுதிய விதி, இன்னும் ஒரு நிமிஷம் கொடுத்திருந்தால் பிடித்திருப்பேன். அவர் படபடவென்று தட்டினார். "முடிஞ்சது" என்று எழுந்து போய்விட்டார். பெயர்கள் சரியாகிவிட்டன. என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து உன் வெள்ளிக்கிழமைக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். முதல் தடவை படித்தபோது என் விதியில் என்ன பிசகு என்றுதான் தேடியிருக்கிறேன். அந்த அறையில் நீ எப்படி இருந்தாய் என்று படிக்கவே இல்லை. இன்றைக்குத்தான் படித்தேன்.

வா என்று இனிமேல் சொல்ல மாட்டேன். வந்தால், நாற்காலியை உன் மேசைப் பக்கம் போட்டிருக்கிறேன். இதை ஸ்டூலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருஷம் நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே.

நான்