நாலாம் மாடியில் ஒரு மஞ்சள் யோயோ

மச்சான்,

நான் இப்போது எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று வெள்ளவத்தைக் கடலையும், அதன் ஓரத்து ரெயில் பாதையையும், மேலே பறக்கும் காகக் கூட்டத்தையும் சாட்சி வைத்து உறுதி தருகிறேன். மருமக்கள் எனக்கு வைத்த பெயர் 'புளுகு மாமா'. அந்தப் பட்டத்துக்கு இதுவரை நான் ஒரு குறையும் வைத்ததில்லை. இன்றைக்கும் வைக்கமாட்டேன்.

காலையில் அக்கா ஒரு புது நூலையும் கத்தரிக்கோலையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பழைய நூல் இழை பிரிகிறதாம், அதே அளவில் வெட்டித் தரவேண்டுமாம். புது யோயோ நூலுக்கு ஒரு வாசனை இருக்கிறது, உனக்குத் தெரியும். கஞ்சி போட்ட சட்டையும் கடைப் பொலித்தீனும் சேர்ந்தது போல. அது மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய், ஆறடி உயரமும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய தோளுமாக.

இலங்கைக்கு வந்த கப்பல்களில் பாதியை நீதான் இறக்கினாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். மற்றப் பாதி உனக்குப் பயந்து தானாகவே இறங்கியது என்றும் சொன்னேன். அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்ற பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரிந்தாய். கொட்டாஞ்சேனையில் தனி வீடு, தனிச் சமையல், ஞாயிறு பூசை. கலியாணம் என்ற பேச்சை எடுத்தாலே அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய். ஒரு சனிக்கிழமை அந்த பஸ் உன்னை எங்கள் ஃபிளாட் வாசலில் இறக்கியது. சட்டைப் பையிலிருந்து நீல நிறத்தில் மினுங்கும் ஒரு உலோக யோயோவை எடுத்தாய். சின்ன வயதிலிருந்தே ஆசையாம். கடையில் இருந்ததிலேயே விலை கூடியதைப் பார்த்து எடுத்தாயாம்.

நாலாம் மாடிப் பல்கனியில் நின்று எறிந்தாய். அது கீழே போனது, சுற்றியது, அங்கேயே நின்றது. இழுத்தாய், வரவில்லை. நான் இழுத்தேன், வரவில்லை. நீ கொன்டெய்னர் தூக்குவதுபோல முழங்காலை மடித்து இழுத்தாய். அது தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளி மாலை தொடங்கிய சுற்று திங்கள் காலைதான் நின்றதென்றும், அந்தக் காற்றில் கீழ்வீட்டு மிஸிஸ் தன் உடுப்பெல்லாம் காயப்போட்டாள் என்றும் பிறகு நான் எல்லோருக்கும் சொன்னேன். சனிக்கிழமை வந்தவன் வெள்ளிக்கிழமை எப்படி எறிந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாமான் பழுது என்று முடிவுசெய்து, கொழும்பின் காலி வீதியில் நீ வாங்கிய அதே கடைக்கு இருவரும் சண்டை பிடிக்கப் போனோம். கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு இளம் பெண் இருந்தாள். நீ பேசிமுடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை விரலில் மாட்டி எறிந்தாள். அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே மற்றக் கையால் நூலை ஒரு மடி மடித்து அதன் வாய்க்குள் கொடுத்தாள். எங்களுக்கு வராத கழுதை, நாய்க்குட்டிபோல அவள் கைக்கு ஓடிவந்தது.

"இதுல பிழை இல்ல அங்கிள். இது இழுத்தா வராத சாதி. பழகினவங்க எடுக்கிறது. நீங்க இழுத்த உடன கைக்கு வாறதா எடுங்க. பிளாஸ்டிக் போதும். விலையும் கம்மி, கால்ல விழுந்தாலும் காயம் இல்ல."

நீ பெரிய மனுசத் தோரணையில் நிமிர்ந்து நின்று சொன்னாய்: "திரும்பி வாறதையே தாங்க பிள்ளை. வராததெல்லாம் எனக்குப் போதும்."

அப்போது அதையும் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

அவள் ஒரு சிவப்பு யோயோவை எடுத்து, பாடமும் நடத்தினாள். யோயோவைத் தரையில் வைக்க வேண்டும். நூலை நிமிர்த்திப் பிடித்து, தொப்புள் உயரத்தில் வெட்ட வேண்டும். நீளம் கூடினால் தரையில் அடிக்கும், குறைந்தால் சுற்ற நேரம் போதாது. முடிச்சுப் போட்ட வளையத்துக்குள் நேரே விரலை விடக்கூடாது, அதற்குள்ளால் நூலை இழுத்துச் சுருக்குப் போட்டு நடுவிரலில் மாட்டவேண்டும். எல்லாம் சரி, உன் வயிற்றில் தொப்புள் எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். நீங்களே பார்த்துச் சொல்லுங்க அங்கிள் என்று அவள் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடையில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் சேர்ந்து தேடி, மாலையாவதற்கு முன் ஒருவாறு கண்டுபிடித்தோம்.

எனக்கும் ஒரு சிவப்பு யோயோ வாங்கிக்கொண்டு திரும்பினோம். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறவில்லை. பல்கனியில் நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை. அக்கா நடுவில் கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பாள். நம் பராக்கிரமம் ஒன்றா இரண்டா? உன் எறிக்குப் பயந்து காகங்கள் கூட்டம் போட்டு தெஹிவளைப் பக்கம் குடிபெயர்ந்தன. நான் எறிந்த சிவப்பு யோயோவைச் சிக்னல் என்று நினைத்துப் பாணந்துறை ரெயில் நின்றது. ஒருநாள் நீ எறிந்தது தண்டவாளத்தைத் தாண்டிக் கடலில் முங்கி, ஒரு சூடை மீனோடு திரும்பி வந்தது. அக்கா அதைப் பொரித்தும் தந்தாள்.

அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்து, கலியாணம் வேண்டாமென்று இருந்து, ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் மணியடிக்காத குறையாக வாழ்ந்தவள். நீ அவளை 'டீச்சர்' என்பாய். அவள் பேப்பருக்குப் பின்னாலிருந்தபடியே உன்னைத் திருத்துவாள்.

"உள்ளங்கை மேல பாக்கவேணும். நீங்கள் கீழ விழுத்துறீங்கள், எறியேல்லை. எறிஞ்சால்தான் நித்திரை கொள்ளும்."

யோயோ நூலின் முனையில் ஏறாமல் சுற்றிக்கொண்டு நிற்பதைத்தான் நித்திரை என்றாள். அவள் சொன்னபடி செய்தாய், அது நித்திரை கொண்டது, மெல்ல இழுத்ததும் எழும்பி வந்தது. ஒருதரம் எறிந்து பாருங்க டீச்சர் என்று நீட்டினாய். இந்த வயதில் தனக்கென்ன விளையாட்டு என்று பேப்பரைப் புரட்டிவிட்டாள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நான் என் யோயோவுக்குத் திரும்பிவிட்டேன். நீ திரும்பவில்லை. பேப்பருக்குக் கீழே அவளுடைய வலது நடுவிரல் மடிவதையும் மணிக்கட்டு மெல்லச் சுழல்வதையும் நீ கண்டிருக்கிறாய், வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாய். பக்கத்திலேயே இருந்த நான் காணவில்லை.

பிறகு ஒரு நாள். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். நீ பல்கனியில் குந்தியிருந்து கைப்பிடிச் சுவரை ஒரு நூலால் அளந்துகொண்டிருந்தாய். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சுவர் மாநகரசபைச் சட்டப்படிதான் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றாய். மச்சான், பொய்யில் கடை வைத்திருப்பவன் நான். அந்தக் கடைக்கே வந்து நீ பொய் விற்றாய். நானும் வாங்கினேன்.

அடுத்த சனி, மஞ்சள் நிறத்தில் ஒரு புது யோயோவோடு வந்தாய். உன் கையிலிருந்து பிடுங்கி உன் விரலிலேயே மாட்டி எறியச் சொன்னேன். எறிந்தாய். அது உன் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போய், பயந்ததுபோலத் திரும்பி வந்தது. அந்தச் சிரிப்பை நான் எப்படி விடுவேன்? ஆறடி மனுசனுக்கு அரைக்காற்சட்டை தைத்த மாதிரி இருக்கிறதென்று சொல்லி, இதை வந்து பார் என்று அக்காவையும் கூப்பிட்டேன். அந்த நூலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடுவோம் என்று கத்தரிக்கோலையும் எடுத்தேன்.

நீ என் கையைப் பிடித்தாய். கப்பல் இறக்கிய கை, மச்சான், கத்தரிக்கோல் அசையவேயில்லை.

"வெட்டாத. அது எனக்கு இல்ல."

அக்கா வாசற்படியில் நின்றாள். உனக்கு முகம் சிவந்து, கழுத்து வியர்த்து, அடுத்த பஸ்ஸுக்கு ஓடப்போகிறாய் என்றே நினைத்தேன். நீ ஓடவில்லை.

"டீச்சர், இது உங்கட உயரத்துக்கு வெட்டினது. நீங்க கடலைப் பாத்து நிக்கேக்க முழங்கை இந்தச் சுவர்ல படும். அதுதான் அளவு. பிடிக்காட்டி சொல்லுங்க, நான் இனி வரமாட்டேன்."

 கதிரை, பேப்பர், கடல் எல்லாம் காத்துக்கொண்டு நின்றன. என் சிரிப்பு இவ்வளவையும் கெடுத்துவிட்டதோ என்று கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அக்கா வந்தாள். உன் விரலிலிருந்து வளையத்தைக் கழற்றினாள். சுருக்கைச் சரிபார்த்துத் தன் நடுவிரலில் மாட்டினாள். உள்ளங்கை மேலே. எறிந்தாள். தரைக்கு நாலு விரல் மேலே அது நித்திரை கொண்டது. நாம் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல இழுத்தாள், கைக்கு வந்தது.

"முதல்ல இந்த டீச்சர் எண்டுறதை விடுங்கோ. நாளைக்குப் பூசை முடிய வாங்கோ, நூல் வாங்கப் போவம்."

பதிவுக் கலியாணம். கொட்டாஞ்சேனைச் சொந்தம் ஒரு பக்கமும் யாழ்ப்பாணத்துச் சொந்தம் ஒரு பக்கமும் வாயைப் பிளந்து நின்றதில் கொழும்பு முழுக்கக் காற்று குறைந்துவிட்டது. கையெழுத்து வைத்த பேனையின் மை காய முன்பே நீ என் தோளில் தட்டினாய். இனி என்னை 'அத்தான்' என்று கூப்பிட வேண்டும் என்றாய். என்னைவிட மாதக் கணக்கில் இளையவன், ஒன்றாகக் கள்ள மாங்காய் தின்றவன், உன்னை நான் அத்தான் என்பதா? செத்தாலும் சொல்லமாட்டன் என்றேன். பிறகு வந்த வருடங்களில் ஒவ்வொரு சனியும் கேட்டாய். ஒவ்வொரு சனியும் மச்சான் என்றேன். அந்தச் சண்டையில்தான் பல்கனி எத்தனை சந்தோசமாக இருந்தது.

போன மாரியில் உன்னைப் பொரளை மயானத்தில் விட்டுவிட்டு வந்தோம். அன்று பின்னேரம் ஆட்கள் போன பிறகு, அக்கா பல்கனிக்கு வந்து மஞ்சள் யோயோவை எறிந்தாள். 'டொக்' என்று தரையில் அடித்தது. திரும்ப எறிந்தாள், டொக். வயது அவளிடமிருந்து கொஞ்சம் உயரத்தைக் களவெடுத்துவிட்டது, மச்சான். முழங்கையும் இப்போது சுவருக்கு மேலே ஏறுவதில்லை. நூலைக் கொஞ்சம் குறைப்போமா என்று கேட்டேன்.

"அளவு அவர் வெட்டினது. அப்பிடியே இருக்கட்டும்."

அப்படியே இருக்கிறது. கீழ்வீட்டு மிஸிஸ் ஏறிவந்து மேலே என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்டாள். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறோம், வந்ததும் பங்கு தருவோம் என்றேன். போத்தலோடு காத்திருக்கிறாளாக்கும்.

இன்று பழைய நூலைப் பக்கத்தில் வைத்துத்தான் புதியதை வெட்டினேன். நம்பிக்கையில்லாமல் சுவரிலும் வைத்துப் பார்த்தேன். நீ ஒரு மயிரிழை பிசகாமல் அளந்திருக்கிறாய். அக்கா மாட்டி எறிந்தாள், டொக். சிரித்தாள். பிறகு என்னிடமும் நீட்டினாள். எனக்கு நீளம் காணாது, முழங்காலடியில் திரும்பி வந்தது, அதற்கும் சிரித்தாள்.

சரி, பாவமன்னிப்பு உங்கள் ஆட்களின் வழக்கம், எனக்கும் கொஞ்சம் ஒட்டிவிட்டது. காகங்கள் எங்கும் போகவில்லை. ரெயில் சிக்னலுக்கு நின்றது. சூடை மீன் சந்தையில் வாங்கியது. செத்தாலும் சொல்லமாட்டன் என்றது என்னுடைய சாவைத்தான், உன்னுடையதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

நூல் மட்டும் உண்மை, அத்தான்.