சுண்ணாம்புக் குழிக்குக் காவல்

பாய்,

விடாத அடைமழை. கம்பளியை எடுக்கலாமென்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் சுருண்டு கிடந்தது என் பழைய போலீஸ் பெல்ட். ஈரக்காற்று பட்டதும் தோலுக்கு எங்கிருந்துதான் உயிர் வருமோ, ஆவாரம் பட்டை வாசமும் சுண்ணாம்பு நெடியும் கலந்து குப்பென்று முகத்தில் அடித்தது. அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, "இன்னா அது நாத்தம்? எலி கிலி செத்துக் கெடக்குதா பாரு" என்றாள். எலி இல்லை, நம்ம பாய் வந்திருக்கான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது. பெட்டியை மூடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளுத்து, விறைத்து, வெடித்துப்போன பெல்ட். இனி எதற்கும் உதவாது என்று டேஷனில் கழித்துப்போட்டதை ஏட்டய்யாவிடம் கெஞ்சி வாங்கிவந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஆம்பூரில் நாம் இருவரும் சேர்ந்து ரோந்து சுற்றிய காலம் நிஜமாகவே நடந்ததா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது. தை மாதத்து விடியல்களில் பாலாற்று மணலிலிருந்து பனி எழுந்து வந்து பஜாரை மூடிவிடும். ஏலகிரிப் பக்கத்து மலைகள் காலில்லாமல் மிதக்கும். நம் சிவப்புத் தலைப்பாகைகள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாகப் பனிக்குள் போய்க்கொண்டிருக்கும். எங்கேயோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள், எங்கேயோ தறி ஓடுகிற மாதிரி இருக்கும். குடியாத்தத்தில் தறிச் சத்தத்தில் பிறந்தவனில்லையா நான், இல்லாத தறியும் எனக்குக் கேட்கும். "யோவ் முதலியாரே, நடந்துக்கினே தூங்காதய்யா" என்று நீ முதுகில் ஒன்று வைப்பாய்.

டேஷன் வாசலில் பாரா நிற்கும்போது உனக்கு ஒரு தனி மவுசு. ஆள் அரவம் கேட்டால் "ஹுக்கும்தார்!" என்று அதட்ட வேண்டும். வருகிறவன் நம்மவனானால், சிநேகிதன்தான் என்று தெரிய, "தோஸ்த்" என்று பதில் சொல்லிவிட்டு வரவேண்டும். யார் வருவது என்று வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கிலீஷில் கேட்ட கத்தல் நம் வாயில் அப்படி ஆனது. மற்றவர்கள் கடமைக்குக் கத்துவார்கள். நீ அதைப் பாட்டு மாதிரி இழுப்பாய். தெருக்கோடி நாய்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும்.

அந்தப் பாராவுக்குத்தான் கேடு வந்தது. தோல் வியாபாரம் செய்த உன் மச்சானுக்காகக் கடன் நோட்டில் நீயும் கையெழுத்துப் போட்டிருந்தாய். சீமையில் தோல் விலை சரிந்தது, மச்சான் பெங்களூர்ப் பக்கம் ஓடிப்போனான், கடன் மொத்தமும் உன் தலையில் விழுந்தது. ஒருநாள் காலை ஆற்றங்கரையில், கடன் கொடுத்த வியாபாரி தன் வண்டியை நம் பக்கத்தில் நிறுத்தினான். நானும் கூட இருக்கிறேனே என்று ஒரு கூச்சமும் இல்லை அவனுக்கு.

"இன்னா பாய், எதுக்கு வீணா பேஜார் படுறே? நோட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன். நம்ம வண்டி பாலம் தாண்டறப்போ கொஞ்சம் கண்ண மூடிக்க, அது போதும்."

அந்த வண்டியில் என்ன வரும் என்பது ஊருக்கே தெரியும். திருட்டு மாடுகளின் தோல். நீ சிரித்தாய். "எனக்குத் தூங்கறப்பவே கண்ணு சரியா மூடாது மொதலாளி" என்றாய். அன்று உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமை சோறு போடாது என்பது அப்போது உறைக்கவில்லை.

அவன் கோர்ட்டுக்குப் போனான். கோர்ட்டு அமீனா வந்து உன்னைப் பிடித்து வேலூரில் கடன்காரர் சிறையில் வைப்பான் என்ற நிலை வந்தது. தப்பிக்க ஒரே வழி, மஞ்சக் கடுதாசி கொடுத்துத் திவால் ஆவது. ஆனால் திவாலானவனைப் போலீஸில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் படித்துப் படித்துச் சொன்னேன், கொடுக்காதே, வேலை போய்விடும் என்று. "ஜெயிலுக்குப் போனா மட்டும் வேலை இருக்குமா? பசங்க தெருவுல நிக்கும்யா" என்றாய்.

உத்தரவு வந்த அன்று இன்ஸ்பெக்டர் அதைப் படித்துக் காட்டினார். கடனில் மூழ்கியவன் எதற்கும் வளைவான், அவன் கையில் காவலைக் கொடுக்கலாகாது என்பது அதன் சாரம். வளையமாட்டேன் என்றதால்தானே அய்யா இவன் திவாலானான் என்று கத்த வேண்டும்போல் எனக்கு இருந்தது. நீயோ பளபளவென்று துடைத்த பெல்ட்டைச் சுருட்டி, பித்தளை வில்லை மேலே தெரிகிற மாதிரி மேசையில் வைத்தாய். வெளியே வந்ததும், "திருப்பிக் குடுக்கப்போற பெல்ட்டுக்கு எதுக்குய்யா பாலிஷு?" என்று கேட்டேன். "எனக்குக் குடுக்கறப்போ இப்டித்தான் குடுத்தாங்க" என்றாய்.

அதன்பிறகு நீ ஏறி இறங்காத படியில்லை. உனக்குத் தெரிந்த தொழில் காவல் ஒன்றுதான். தோல் மண்டி, அரிசி மண்டி, ரயிலடிக் கிடங்கு, எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: போலீஸே வேண்டாமென்று தள்ளிய திவாலான ஆளிடம் சாவியை எப்படிக் கொடுப்பது? உன் தாடி நரைத்தது அந்தச் சில மாதங்களில்தான். கடைசியில் ஆற்றோரத்தில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த சாகிப் மனமிரங்கினார். அதையும் நேராகச் சொன்னார்.

"மன்னிச்சுக்கங்க பாய், கிடங்குச் சாவி தரமாட்டேன். சுண்ணாம்புக் குழிங்கள பாத்துக்கங்க. அங்க திருட இன்னா இருக்குது?"

ஊரே சிரித்தது. மயிர் கழிவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் பச்சைத் தோலை எந்தத் திருடன் தொடுவான்? திருட்டே நடக்காத இடத்துக்குக் காவல். எனக்கு அழுகை வந்தது. ஆனால் நீ அந்த வேலையை டேஷன் பாரா மாதிரி பார்த்தாய். இடுப்பில் ஒரு பழைய சணல் கயிற்றைக் கட்டிக்கொண்டு, குழிகளின் ஓரமாக விறைப்பாக நடப்பாய். ஆடு வந்தால் ஹுக்கும்தார். சாராயம் போட்டுவிட்டுக் குறுக்கு வழியில் வீடு போகிறவன் வந்தால் ஹுக்கும்தார். யாரும் வராத பனிக்கும் ஒரு ஹுக்கும்தார். "யாருக்குய்யா இந்தக் கத்து கத்தறே? இங்க எவன் திருட வரப்போறான்?" என்று கிண்டல் செய்தேன்.

"திருட எவனும் வரமாட்டான். விழத்தான் வருவான்" என்றாய்.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. விளங்கிய காலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ரோந்து முடித்து, வழக்கம்போல் உன்னோடு டீ குடிக்க வந்தேன். அப்படியொரு பனியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வானம் எது தரை எது என்று தெரியாத வெள்ளை. என் கால்கள்கூட எனக்குச் சொந்தமில்லாத மாதிரி எங்கேயோ கீழே நடந்தன. எதிரிலிருந்து உன் குரல் வந்தது. "ஹுக்கும்தார்!" எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! "தோஸ்த்!" என்று கத்திவிட்டுக் குரலைப் பார்த்து நேராக நடந்தேன். தோஸ்த் என்று சொன்னபிறகு எவன் நிற்பான்? நமக்கு நடுவில் குழி இருந்தது. பால் மாதிரி நிறைந்த குழி, அதுவும் பனி மாதிரியே இருந்தது.

மார்பு வரைக்கும் உள்ளே போய்விட்டேன். காலுக்கடியில் தோல்கள் வழுக்கின. நீ ஓடிவந்து குப்புறப் படுத்து, கைக்கு அகப்பட்டதைப் பிடித்து இழுத்தாய். அகப்பட்டது என் பெல்ட். "கண்ண மூடிக்க! தொறக்காதே! நான் சொல்றவரைக்கும் கண்ண மூடிக்கய்யா!" என்று அலறினாய். கிணற்றடியில் குடம் குடமாக என் தலையில் ஊற்றிக்கொண்டே அதையே சொன்னாய். உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் இந்தக் கண்கள் பிழைத்தன. நீ வாழ்நாளில் ஒருத்தனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று பிறகு நான் சொன்னபோது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் உனக்குச் சிரிப்பு வந்தது.

சாகிப் பதறியடித்துக்கொண்டு வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்த கிடங்குச் சாவியை எடுத்து உன் முன்னால் நீட்டினார். அந்தச் சாவிக்காக நீ எத்தனை வாசலில் நின்றாய் என்று எனக்குத் தெரியும். வாங்கித் தொலையேன் பாய் என்று உள்ளுக்குள் துடித்தேன். நீ இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

"அதுக்குப் பூட்டு இருக்குது சாகிப். இதுக்கு இன்னா இருக்குது?" என்று குழியைக் காட்டினாய்.

சாகிறவரைக்கும் அங்கேதான் காவல் இருந்தாய். கோர்ட்டு உன்னைத் திவாலிலிருந்து விடுவித்த சேதி வந்தபோது நீ நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் கிடந்தாய். நான்தான் காதோரம் குனிந்து சொன்னேன். "அப்போ நான் இப்போ யாருக்கும் கடன்காரன் இல்லியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். சொல்லாமல் விட்டது ஒன்று, பாய்: நான் உனக்குக் கடன்காரன்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் இப்போது. நீ காப்பாற்றிக் கொடுத்த கண்கள் வயசால் மங்கிவிட்டன. தை மாதம் விடியலில் வாசலைத் திறந்தால் தெரு முழுக்க அதே வெள்ளை. எது தரை, எது பள்ளம் என்று தெரிவதில்லை. யாரும் அதட்டுவதில்லை. ஆனாலும் படியில் நின்று, "தோஸ்த்" என்று மெதுவாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரி கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறாள். சொல்லிவிட்டு, முன்போல் உடனே நடந்துவிடுவதில்லை. உன் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறேன்.