எது களை, அத்தை?

மாங்காய் இஞ்சி நறுக்கிய கையோடு எழுதுகிறேன், அத்தை. தாளெல்லாம் பச்சை மாங்காய் வாசம். மாமரத்துக்குப் பக்கத்தில் நட்டதால் இந்தக் கிழங்கு வாசத்தைத் திருடிக்கொண்டது என்று பத்து வயது வரை என்னை நம்பவைத்தவள் நீ. வீட்டிலேயே பெரிய வாலு நான்தான் என்று ஊர் சொல்வது அநியாயம்.

சிறுமலைக்குப் போய்வந்த அன்றுதான் உனக்குப் பைத்தியம் பிடித்தது. பலாவுக்குக் கீழே காப்பி, காப்பிக்குக் கீழே செடி, அதற்கும் கீழே கிழங்கு. "இங்க யாருடி களை வெட்டுறா, தண்ணி ஊத்துறா? அம்புட்டும் தன்னால நிக்குது பாரு" என்றாய். இரண்டே மழையில், சின்னாளப்பட்டி ரோட்டில் நம் வீட்டுப் பின்பக்கம் காடாகிவிட்டது. மாமரம், அதன் ஓரத்தில் முருங்கை, கொய்யா, இடுப்பு உயரத்தில் கறிவேப்பிலை, தரையெல்லாம் கீரை. உதிர்ந்த இலையைக்கூடக் கூட்ட விடமாட்டாய்.

உன் அண்ணனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அது கண்ணில் விழுந்த தூசி. "புதரா கெடக்கு, பாம்பு வரும்" என்பார்.

"வந்தாலும் ஒன்னையப் பாத்துட்டு ஓடிரும்ண்ணே" என்பாய். என்னிடம் திரும்பி, "களையை எடுத்துட்டா தோட்டத்துக்கு ஏதுடி களை?" என்று கண்ணடிப்பாய்.

நீ போனபிறகு, உன் முப்பதாம் நாள் பூசைக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று அப்பா மண்வெட்டியோடு ஓர் ஆளை வரச்சொல்லிவிட்டார். "மரத்தை விட்டுட்டு மத்ததெல்லாம் களை, எடுத்துரச் சொல்லிருக்கேன்" என்றார். கெஞ்சினேன். கேட்கவில்லை. கெஞ்சுவது எனக்கு வராது, குறும்புதான் வரும். காலையில் அந்த ஆள் வருவதற்குள் பழைய நோட்டு அட்டைகளை வெட்டி, எழுதி, செடிக்கு ஒன்றாகக் கட்டிவிட்டேன்.

குப்பைமேனியில்: "பேருலதான் குப்பை." கோவைக்கொடியில்: "வெட்டினால் கோவம் வரும்." தொட்டாற்சுருங்கியில்: "தொடாதீங்க, கூச்சமா இருக்கு."

வந்தவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "அண்ணே, செத்த வாங்கண்ணே! இங்க செடியெல்லாம் வாய் பேசுது. எதைன்னு வெட்ட?"

"எல்லாம் இந்தக் கழுதை வேலை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார் அப்பா. ஓர் அட்டையைப் பிய்த்தார். இரண்டாவதைப் பிய்த்தார். குனிந்து வல்லாரையின் அட்டையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதில் நான் எழுதியிருந்தது: "அத்தையை எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு?"

அதைப் பிய்க்காமல் விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு, "காப்பி குடிச்சிட்டுப் போங்க. இங்க வெட்ட ஒண்ணும் இல்ல" என்றார். பாவம், அந்த ஆள் கூலிக்கு வந்துவிட்டு ஒரே காப்பியோடு போனார்.

பூசை முடிந்ததும், வந்தவர்களுக்குச் சோற்றோடு வல்லாரைத் துவையல்தான் வெஞ்சனம். யாரும் பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாம் முறை துவையல் கேட்டார்கள்.

இப்போது தினமும் சாயங்காலம் அப்பாவும் நானும் பின்பக்கம் ஒரு சுற்று வருகிறோம். நேற்று தண்ணீர்த்தொட்டி ஓரத்தில், நாம் யாரும் நடாத ஒரு நாற்று. பேர் எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் தெரியாவிட்டாலும் ஒரு பேர் வைத்திருப்பாய். பிடுங்கப் போன அப்பாவின் கை பாதியில் நின்றது.

"நாலு இலைதான விட்டிருக்கு," என்றார். "இருக்கட்டும். யாருன்னு பாப்போம்."