இடது பக்கத் தூண்

என் வாயாடிப் பேத்திக்கு,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நுரையீரல் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பள்ளி பஸ் ஓட்டினாய். போன மாதம் பள்ளி வாசல் தூணில் பஸ் உரசியதை யாரும் பார்க்கவில்லை. "வாயைத் திறக்காதடி, வேலை போயிடும்" என்றேன் நான்.

"இடது பக்கத் தூணே கண்ணுக்குத் தெரியல பாட்டி. நாளைக்கு அங்க ஒரு குழந்தை நின்னா?" என்று கேட்டுவிட்டு, நீயே பள்ளியில் போய் நடந்ததைச் சொல்லி, பஸ் சாவியை ஒப்படைத்தாய். அதன்பிறகுதான் நோய் மூளைக்கும் பரவியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

அஞ்சாம் வகுப்பு படித்த என் புத்தி அன்று கோணலாகப் போனது. உன் புத்தி நேராக நின்றது.

நாளை கதிர்வீச்சுக்கு வாடகைக் காரில் போகிறோம். வழி சொல்லி டிரைவரின் உயிரை வாங்காதே. உன் இடது பக்கம் நான் உட்கார்ந்து, அங்கே தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

உன்னால் தலை நிமிர்ந்த,
பாட்டி