மேட்ச் பேரலும் நான் எழுதிய மனுவும்

கரடியூர்,
ஏற்காடு.
மார்ச் 23.

அன்புள்ள தம்பி மாதேஷுக்கு,

இன்பமேரி அக்கா எழுதுகிறேன். நீங்களும் சரண்யாவும் குழந்தையும் நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போனில் பேசலாம் என்று நாலு தடவை உங்கள் நம்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன். பேச்சு என்றால் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் பெய்த மழைக்குக் காப்பி பூத்து, ஊரே மணக்கிறது. என் வீட்டுக்காரர் எஸ்டேட் ரைட்டர் வேலையில் மூழ்கிக் கிடக்கிறார். எனக்குப் பத்து நாள் லீவு. மாநிலப் போலீஸ் துப்பாக்கிப் போட்டி முடிந்த கையோடு கொடுத்தார்கள்.

போட்டியில் இருபத்தைந்து மீட்டர் பிஸ்டலில் எனக்கு நாலாவது இடம். மெடல் இரண்டு புள்ளியில் போய்விட்டது. ஆனால் அணியில் இடம் நிலைத்தது. போன வருஷம் முப்பத்தோராவதாக வந்து, இன்னொரு முறை இப்படியானால் பெயரை எடுத்துவிடுவோம் என்று எச்சரிக்கை வாங்கியவள் நான். நாற்பத்திரண்டு வயதில் பெயரை எடுத்தால் யார் திருப்பிச் சேர்ப்பார்கள்? இந்த முறை சுட்டதும் என் பிஸ்டலின் அதே பழைய குழலில், அந்தப் பேரலில்தான் தம்பி.

அந்தப் பேரலை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். ஜெயிக்கிறவர்கள் எல்லாம் போட்டிக்கென்றே துல்லியமாகக் கடைந்த மேட்ச் பேரல் போட்டுச் சுடுகிறார்கள், நமக்கு மட்டும் தேய்ந்துபோனது என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். நம் அணிக்கு வந்த ஒரே மேட்ச் பேரலை என்னைவிட இளையவன் விக்னேஷுக்குக் கொடுத்ததும் மனசு கொதித்தது. மேலதிகாரிக்கு மனு எழுதினேன். பேரல்களைச் சரியாகப் பராமரிப்பதில்லை என்று எழுதினேன். உங்கள் பெயரைப் போடவில்லை. ஆனால் நம் படையில் துப்பாக்கி பழுது பார்க்க இருந்தது நீங்கள் ஒருவர்தானே.

மனு போய் ஒரு வாரத்தில் நீங்களே என்னை ரேஞ்சுக்குக் கூப்பிட்டீர்கள். “ஏனுங்க்கா, ஒரு பத்து நிமிசம் வாங்க. உங்க பேரலை நாம ரெண்டு பேருமா விசாரிச்சுப் பாத்தரலாம்” என்றீர்கள். என் பிஸ்டலை மேசையில் அசையாமல் இறுக்கி வைத்துப் பத்து ரவுண்டு சுட்டீர்கள். இலக்குக் காகிதத்தில் பத்துத் துளையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. பிறகு விக்னேஷிடம் கேட்டு வாங்கிய மேட்ச் பேரலை அதே பிஸ்டலில் மாட்டிச் சுட்டீர்கள். அந்தப் பத்தும் டீ கிளாஸ் வாய்க்குள் அடங்கின.

பாருங்க, வித்தியாசம் இருக்கில்ல என்று நான் துள்ளினேன். நீங்கள் மறுக்கவில்லை. “இருக்குதுங்க்கா. ஒவ்வொரு குண்டுக்கும் இந்தப் பேரல் அதே எடத்துல வந்து உக்காருது, அதான். இப்ப நீங்க கையில புடிச்சுச் சுடுங்க” என்றீர்கள். மேட்ச் பேரலிலேயே சுட்டேன். துளைகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, எல்லாம் இடப்பக்கம் கீழே. பழையதில் சுட்டேன். அதே தட்டு.

பிறகு நீங்கள் எனக்குத் தெரியாமல் வெடிக்காத டம்மி தோட்டா இரண்டைக் கலந்து மேகசினைக் கொடுத்தீர்கள். மூன்றாவது அழுத்தலில் சத்தமே வரவில்லை. ஆனால் என் கை மட்டும் வெடித்தது போலக் கீழே வெட்டி இழுத்தது. அதை நானே பார்த்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. “எப்ப இருந்துங்க்கா இப்படி?” என்று மட்டும் கேட்டீர்கள்.

எப்போதிலிருந்து என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து லேனில் சேகர் கையிலேயே தோட்டா வெடித்ததே, அன்றிலிருந்து. ரத்தம் கொட்டிய அவர் விரல்களைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தவள் நான். மறுநாளே ரேஞ்சுக்கு வந்து, எனக்கொன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூட வேறு மாதிரி சொன்னதில்லை. உங்கள் முன்னால் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் டீ வாங்கி வந்து, நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தீர்கள். அடுத்த ஆறு வாரமும் டூட்டி முடிந்து நின்று, என் கை இழுப்பதை விடும்வரை டம்மி கலந்து கலந்து கொடுத்தீர்கள்.

அதன்பிறகு உங்களுக்கு மாற்றல் வந்தது. சரண்யாவுக்கு எட்டாம் மாதம். அவ்வளவு தூரம் கடலோர ஊருக்கு. வழக்கமான மாற்றல் என்றுதான் நினைத்தேன். போட்டி முடிந்த அன்று சேகர் சொல்லித்தான் தெரிந்தது, என் மனுவின் பேரில் உங்களிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்ததும், மாற்றல் அதனால்தான் என்பதும். “நீங்க ரேஞ்சுல அழுதீங்களே, அன்னைக்குக் காலைலயே மெமோ வந்திருச்சுங்க. அத சட்டப் பையில வெச்சுட்டுத்தான் உங்ககூட இருந்தாப்ல” என்றார். உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே தம்பி.

முந்தாநாள் மேலதிகாரியை நேரில் பார்த்தேன். மனுவில் எழுதியது தவறு, பேரலில் குறையில்லை, குறை என்னிடம் இருந்தது, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவரே மாதேஷ்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதற்கு உன்மேல் நடவடிக்கை வரலாம் தெரியுமா என்றார். தெரியும் ஐயா என்றேன். மெமோவை ரத்து செய்யப் பரிந்துரைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாற்றலைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

விக்னேஷ் வந்து, அடுத்த போட்டிக்கு மேட்ச் பேரலை நீங்க போட்டுச் சுடுங்கக்கா என்றான். எனக்கும் இனி அதனால் இரண்டு புள்ளி கூடலாம். இப்போது கையை நம்பிக் கேட்கலாம் போலிருக்கிறது. அந்தக் கை நீங்கள் கொடுத்தது.

ஞாயிறு பூசையில் உங்கள் மூன்று பேருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பெயரையும் சரண்யா பெயரையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை என்று வரும்போது நிறுத்திவிடுகிறேன், பெயர் தெரியாது. என்மேல் எவ்வளவு வருத்தம் இருந்தாலும், வேறெதுவும் எழுதாவிட்டாலும், அந்தப் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள் சாமி.

என்றும் நன்றியோடு,
இன்பமேரி அக்கா