புரட்டிப் பார்த்து எடுத்த கைக்கடிகாரம்

நல்லூர், திருப்பூர்
12.4.2007

அன்புள்ள செல்லத்தாய்க்கு, காசிமாயன் எழுதுவது. இங்கு நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

சுவிஸ் நாட்டில் ஒரே ஆள் தன் கையால் செய்த இரண்டு கைக்கடிகாரங்களை என்முன் வைத்து, "செக்கிங் மாஸ்டர், எதை எடுக்கலாமுங்க?" என்றார் முதலாளி. கம்பெனியே சுற்றிக் கூடிவிட்டது. பனியனில் உள்தையல் பார்ப்பதுபோல் புரட்டினேன். கட்டினால் மறைந்துபோகும் பின்பக்கக் கண்ணாடிக்குள் இருந்த சக்கரங்களைக்கூட ஒன்றில் இழைத்து மினுக்கியிருந்தான், பாவி! அதையே காட்டினேன். விற்க வந்திருந்த வெள்ளைக்காரனே எழுந்து சலாம் போட்டான். விலை, நம் தெருவையே வாங்கலாமாம்!

"உங்க கண்ணு படாம இனி ஒரு பீஸ் லாரியில ஏத்தக்கூடாதுங்க. உங்க ஊர்க் கோயில் கொடைக்கு அடுத்த வருசம் போய்க்கலாமுங்க" என்றுவிட்டார் முதலாளி. சரிங்க என்று தலையாட்டிவிட்டேன்; இந்த வருசம் கொடைக்கு வர முடியாது.

கல்யாணத்துக்கு உன் அப்பா போட்ட வாட்ச் டிரங்குப் பெட்டியில் கிடக்கும், அனுப்பு. ஓடாவிட்டாலும் கட்டிக்கொள்கிறேன். லாரி வந்துவிட்டது.

காசிமாயன்