பையில் இரண்டரை மணி நேரம்

அக்டோபர் 5

அதிகாரிக்கு மண்டையில் என்னதான் இருக்கிறது? நாளைக் காலை எட்டு மணிக்குச் சரணாலயத்துக்கு விருந்தினர் வருகிறாராம். வலையில் பிடித்துக் காலில் அடையாள வளையம் போட்ட பறவைகளை உடனே விடாமல் துணிப்பையிலேயே வைத்திருக்க வேண்டுமாம், அவர் கையால் பறக்கவிட. முடியாது என்றேன். வளையம் போடும் என் உரிமத்தைப் புதுப்பிக்கும் தாள் தன் மேசையில்தான் கிடக்கிறது என்று நினைவூட்டினார்.

அக்டோபர் 6

விருந்தினர் வந்தது பத்தரைக்கு. ஆற்றங்கரையில் கட்டிய கொடிக்கயிற்றில் ஏழு துணிப்பைகள். ஆறு பறவைகள் பறந்தன. ஏழாவதில் மீன்கொத்தி — ஆறு வருடமாக என் வலையில் விழுந்து, ஒவ்வொரு முறையும் என் விரலைக் கொத்துகிற அதே திமிர் பிடித்தது. எடுத்தபோது தலை தொங்கிவிட்டது.

“பறக்கவிட்டாச்சுன்னு பதிவேட்டுல எழுதிடுங்கம்மா, எதுக்கு வம்பு?” என்றார் அதிகாரி.

எழுதினேன். நான்தான் எழுதினேன். பையைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு முடிச்சு. மரம் மாதிரி நின்னேனே, சீ!

அக்டோபர் 7

சாப்பிடக் கூப்பிட்ட தங்கையிடம் எரிந்து விழுந்தேன், பாவம்.

டிசம்பர் 12

தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம். பதிவேட்டின்படி இந்த ஆற்றிலேயே அதிக வயதான மீன்கொத்தி அதுதானாம். ஆண்டு விழாவில் நான் மேடையேறிச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அதிகாரி வாயெல்லாம் பல்லாக வந்து கைகுலுக்குகிறார். நாணல் பக்கம் நானே குழி தோண்டிப் புதைத்த பறவைக்கு!

டிசம்பர் 13

தலைமையகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அது அக்டோபர் ஆறாம் தேதி பையிலேயே செத்தது, பதிவேட்டில் இருப்பது நான் எழுதிய பொய் என்று. யார் சொல்லி எழுதினேன் என்பதையும் சேர்த்துத்தான்.

“ஒரு பறவைக்காக இருக்கிற வேலையையும் தொலைச்சுக்கப் போறியாக்கா?” என்றாள் தங்கை.

ஆமாம், போறேன்.

ஜனவரி 20

பொய்ப் பதிவுக்காக என் உரிமம் ரத்து. அதிகாரிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அவ்வளவுதான். நல்லா இருக்குடா நியாயம்.

பிப்ரவரி 2

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சீட்டுக் கொடுப்பவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது வளையம் போடுவது வேறொரு பெண். போட்ட கையோடு விட்டுவிடுகிறாள். சட்டை மடிப்புக் கலையாத விருந்தினர் ஒருவர் பறவைக்காகக் கையை நீட்டினார்.

“போன மாசத்துலேர்ந்து அதுக்கு அனுமதி இல்லைங்க” என்றாள்.

அதிகாரி பத்தடி தள்ளி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.